நானோ என்றால் என்ன? பினாங்கில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் 26 வருஷம் வேலை செய்தேன். முதல் 9 வருஷம், கணினிக்கும் போனுக்கும் உள்ளே இருக்கும் சிப்புகளில் தங்கக் கம்பி இணைக்கும் மெஷினில் ஆப்பரேட்டர். அதற்குப் பிறகு புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை. இப்போது சனிக்கிழமை காலையில் பிரை என்ற ஊரில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுக்கிறேன். அன்றைக்குக் கிலாங்கில், அதாவது தொழிற்சாலையில், கேட்ட அதே சந்தேகங்களைத்தான் இன்றைக்குப் பிள்ளைகளும், அவர்களைக் கூட்டிவரும் பெற்றோரும், மார்க்கெட்டில் எதிர்ப்படும் பழைய தோழிகளும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

டீச்சர், நானோன்னா ரொம்பச் சின்னதுன்னுதானே அர்த்தம்?

சொல்லின் வேரைப் பார்த்தால் ஆமாம். கிரேக்க மொழியில் ‘நானோஸ்’ என்றால் குள்ளன். ஆனால் அறிவியலில் அது ‘ரொம்ப’, ‘கொஞ்சம்’ மாதிரி குத்துமதிப்பான சொல் இல்லை, ஓர் எண். நூறு கோடியில் ஒரு பங்கு. 1960இல் எடை, அளவுகளுக்கான அனைத்துலக மாநாடு இதை முறைப்படி ஏற்றுக்கொண்டது.

‘மில்லி’ போல நானோவும் இன்னோர் அளவின் முன்னால் ஒட்டிக்கொண்டு வரும். நானோமீட்டர் என்றால் நீளம், நானோகிராம் என்றால் எடை, நானோவிநாடி என்றால் நேரம். ஒரு நானோவிநாடியில் ஒளியே 30 சென்டிமீட்டர்தான் போகும், பிள்ளைகள் பையில் வைத்திருக்கும் அடிக்கோல் நீளம். அதனால் யாராவது ‘இது நானோ’ என்று மட்டும் சொன்னால், ‘நானோ எது?’ என்று திருப்பிக் கேட்கச் சொல்லியிருக்கிறேன் என் மாணவர்களிடம். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இந்த ஒரு கேள்வியே பதிலாகிவிடும்.

நூறு கோடியா, ஒரு பில்லியனா? புத்தகத்துல ஒண்ணு, டீவியில ஒண்ணு சொல்றாங்களே.

இரண்டும் ஒன்றுதான். ஆயிரம் மில்லியன் ஒரு பில்லியன், அதுவே நூறு கோடி. ஒன்றுக்குப் பின்னால் ஒன்பது சுழியம். பழைய பிரிட்டிஷ் புத்தகங்களில் பில்லியன் என்றால் மில்லியன் மில்லியன் என்று இருந்தது. அதைப் படித்த தாத்தாமார்கள் பன்னிரண்டு சுழியம் என்று அடித்துச் சொல்வார்கள். அவர்கள் காலத்துக்கு அது சரி, இப்போது ஆங்கிலத்தில் அப்படி எண்ணுவதில்லை.

அக்கா, கண்ணு முன்னாடி காட்டுங்களேன். நூறு கோடின்னு சொன்னா மண்டையில ஏற மாட்டேங்குது.

ஒரு மீட்டர் கோலை எடுத்து ஆயிரம் கிலோமீட்டருக்கு இழுத்து நீட்டுங்கள். பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்குப் போய், திரும்பி வந்து, மறுபடியும் போனால் ஏறக்குறைய அந்தத் தூரம் வந்துவிடும். அவ்வளவு நீண்ட கோலில் ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டர். அடிக்கோலில் பக்கத்துப் பக்கத்துச் சின்னக் கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி.

இதே நீட்டலில் மற்றவை எப்படி இருக்கும் என்று பிள்ளைகளைக் கணக்குப் போட வைப்பேன். தலைமுடியின் தடிப்பு ஆளுக்கு ஆள் மாறும், சுமார் 80,000 நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அது 80 மீட்டர் ஆகிவிடும், பினாங்கின் உயரமான கொம்தார் கோபுரத்தில் மூன்றில் ஒரு பங்கு. இரத்தத்தின் சிவப்பணு 7 மீட்டர். கோவிட் கிருமி 10 சென்டிமீட்டர். நம் மரபணு இழையான டிஎன்ஏயின் அகலம் 2 மில்லிமீட்டர்.

இன்னொன்றும் சொல்வேன், இது எனக்கு ரொம்பப் பிடித்தது. நகம் மாதத்துக்கு 3 மில்லிமீட்டர் வளர்கிறது. விநாடிக் கணக்கில் வகுத்தால் விநாடிக்கு ஒரு நானோமீட்டர் சொச்சம். இந்த வரியை நீங்கள் படித்து முடிப்பதற்குள் நான்கைந்து நானோமீட்டர் வளர்ந்திருக்கும்.

மைக்ரோன்னும் சொல்றாங்க, நானோன்னும் சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணா?

இல்லை, ஆயிரம் மடங்கு வித்தியாசம். மைக்ரோ என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு மைக்ரோமீட்டருக்குள் ஆயிரம் நானோமீட்டர் அடங்கும். ஒரு வெள்ளிக்கும் (ரிங்கிட்டுக்கும்) ஆயிரம் வெள்ளிக்கும் உள்ள தூரம் அது.

நான் தினமும் கையாண்ட தங்கக் கம்பி 25 மைக்ரோமீட்டர் தடிப்பு. சின்னச் சுருளில் சுற்றி வரும். சுருளை நேராகப் பார்த்தால் மஞ்சள் பளபளப்பு தெரியும். ஆனால் அதிலிருந்து ஒரு நுனியைப் பிரித்து எடுத்தால் விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணில் படும். மூச்சு விட்டாலே ஆடும். வேலைக்குப் புதிதாக வந்த பெண்கள் முதல் நாளில் அந்த நுனியைத் தேடித் தேடிக் கண்ணீர் விடுவார்கள். அவ்வளவு மெல்லிய கம்பியே 25,000 நானோமீட்டர். எங்கள் மைக்ரோஸ்கோப்பில் தெரிந்த உலகம் முழுவதும் மைக்ரோ உலகம். நானோ அதற்கும் ஆயிரம் படி கீழே.

நானோ தொழில்நுட்பம்னா சின்னச் சின்ன மெஷின் செய்யறதுதானே?

பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். பொதுவாகச் சொல்லப்படும் வரையறை வேறு: 1 முதல் 100 நானோமீட்டர் அளவில் பொருளைக் கட்டுப்படுத்தி, அந்த அளவில் மட்டும் கிடைக்கும் குணத்தைப் பயன்படுத்துவது. இதில் பின்பாதிதான் முக்கியம். வெறுமனே சிறிதாக இருந்தால் போதாது, சிறிதாக இருப்பதால் குணம் மாற வேண்டும்.

ஏன் மாறுகிறது? முதல் காரணம் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறது. கற்கண்டு கரைய நேரமாகும், அதையே இடித்துத் தூளாக்கினால் உடனே கரையும். துண்டாக்கத் துண்டாக்க வெளிப்பரப்பு கூடுகிறது. ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்துக்கு வெளிப்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு நானோமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால், எல்லாவற்றின் வெளிப்பரப்பும் சேர்ந்து 6,000 சதுர மீட்டர், ஏறக்குறைய ஒரு காற்பந்துத் திடல். வேதிவினை நடப்பது வெளிப்பரப்பில்தான் என்பதால், சும்மா கிடந்த பொருள்கூட இங்கே சுறுசுறுப்பாகிவிடும்.

இரண்டாவது காரணம் இன்னும் அழகானது. நம் தாலியில் இருக்கும் தங்கம் மஞ்சள். அதையே 10, 20 நானோமீட்டர் துகளாக்கித் தண்ணீரில் மிதக்க விட்டால் மாதுளம்பழச் சாறு மாதிரிச் சிவப்பாக இருக்கும். பொருள் அதே தங்கம்தான், அளவு மாறியதால் ஒளியோடு அது நடந்துகொள்ளும் விதம் மாறிவிட்டது. மைக்கேல் ஃபாரடே 1857இலேயே இதை ஆராய்ந்து, நிறத்துக்குக் காரணம் துகளின் நுண்மைதான் என்று சொன்னார். அதைவிடப் பழைய சான்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 4ஆம் நூற்றாண்டு ரோமானியக் கண்ணாடிக் கோப்பை அது, முன்னாலிருந்து வெளிச்சம் பட்டால் பச்சை, பின்னாலிருந்து வந்தால் சிவப்பு. கண்ணாடியில் கலந்த தங்க, வெள்ளி நானோ துகள்களின் வேலை. செய்தவர்களுக்கு நானோ என்ற சொல்லே தெரியாது. இன்றைய குவாண்டம் புள்ளிகள் என்னும் நானோ துகள்களும் இதே வகைதான். ஒரே பொருள், துகள் பெரிதானால் சிவப்பு, சிறிதானால் நீலம். அவற்றைக் கண்டுபிடித்து வளர்த்த மூவருக்கு 2023இல் வேதியியல் நோபல் கிடைத்தது. கடையில் சில டீவிகளை அந்தப் பெயர் சொல்லித்தான் விற்கிறார்கள்.

100 வரைக்கும் நானோன்னா, 101 ஆனா இல்லையா?

இயற்கை அங்கே வேலி கட்டவில்லை. 1 முதல் 100 என்பது வசதிக்காக ஒப்புக்கொண்ட எல்லை. தங்கத்துக்குக் குணம் மாறும் அளவு வேறு, சிலிக்கானுக்கு வேறு. தேர்வில் 1 முதல் 100 என்று எழுதுங்கள், வாழ்க்கையில் ‘ஏறக்குறைய’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேரு வச்சது யாரு? ஃபைன்மேன்னு படிச்சேன், ஜப்பான்காரர்னு என் பையன் சொல்றான்.

பையன் சொல்வதுதான் சரி. ‘நானோ தொழில்நுட்பம்’ என்ற சொல்லை 1974இல் தோக்கியோ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோரியோ தனிகுச்சி பயன்படுத்தினார். பொருளை ஒவ்வோர் அணுவாக, ஒவ்வொரு மூலக்கூறாகப் பிரித்தும் சேர்த்தும் பக்குவப்படுத்தும் முறைக்கு அவர் வைத்த பெயர் அது.

அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மேன் அதற்கு முன்பே, 1959 டிசம்பர் 29 அன்று கலிஃபோர்னியாவில் ஓர் உரையில், அணுக்களையே நமக்கு வேண்டியபடி அடுக்க முடியாது என்று எந்த இயற்பியல் விதியும் சொல்லவில்லை என்று பேசினார். எண்ணம் அவருடையது, சொல் தனிகுச்சியுடையது. அந்த உரையில் அவர், ஓர் அங்குலத்தில் 64இல் ஒரு பங்குக்குள் அடங்கும் மோட்டார் செய்பவருக்கு 1,000 டாலர் என்று அறிவித்தார். புதிய முறை ஏதாவது பிறக்கும் என்று எதிர்பார்த்தார். வில்லியம் மெக்லெல்லன் என்ற பொறியாளர் 1960இல் மைக்ரோஸ்கோப்பையும் இடுக்கியையும் வைத்துக் கையாலேயே செய்து கொண்டுபோய்ப் பரிசை வாங்கிவிட்டார். மைக்ரோஸ்கோப்பும் இடுக்கியும் எங்கள் கருவிகள். எங்கள் வரிசைப் பெண்களுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் முகம் மலரும்.

கண்ணுக்கே தெரியாததை எப்படிப் பார்க்கிறாங்க?

சாதாரண மைக்ரோஸ்கோப்பு உதவாது. நாம் பார்க்கும் ஒளியின் அலைநீளமே 400 முதல் 700 நானோமீட்டர். ஏறக்குறைய 200 நானோமீட்டருக்குக் கீழே போனால் எவ்வளவு நல்ல லென்ஸ் போட்டாலும் கலங்கலாகத்தான் தெரியும். அதனால் ஒளிக்குப் பதில் எலெக்ட்ரானைப் பாய்ச்சும் மைக்ரோஸ்கோப்பு வந்தது.

அணு அளவுக்குப் போக 1981இல் கெர்ட் பின்னிக், ஹைன்ரிச் ரோரர் இருவரும் வேறு வழி கண்டார்கள். நுனியில் ஒரே ஓர் அணு நிற்கும் அளவுக்குக் கூரான ஊசியைப் பொருளின் மேல் தொடாமல் நகர்த்துவார்கள். இடைவெளியைத் தாண்டி மிகச் சிறிய மின்னோட்டம் பாயும். ஊசி 0.1 நானோமீட்டர் விலகினாலே அந்த ஓட்டம் பத்தில் ஒரு பங்காகிவிடும். அந்த ஏற்ற இறக்கத்தை வைத்து மேடு பள்ளத்தை வரைந்துகொள்வார்கள். இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே சுவிட்சைக் கண்டுபிடிப்பது போல. 1986இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது. 1989இல் அதே வகைக் கருவியால் 35 செனான் அணுக்களை ஒவ்வொன்றாக இழுத்து வைத்து, தாம் வேலை செய்த ஐபிஎம் நிறுவனத்தின் பெயரையே எழுதிக்காட்டினார் டான் ஐக்லர்.

டீச்சர், கட்டுரையில தமிழ்ல என்னன்னு எழுதணும்? ஒருத்தர் மீநுண்ங்கிறார், ஒருத்தர் நானோங்கிறார்.

எனக்குப் பிடித்த கேள்வி இது. தமிழில் சிறியதற்குச் சொற்பஞ்சமே கிடையாது. முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு, அதற்கும் கீழே இம்மி. ‘இம்மியளவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்’ என்று சண்டையில் சொல்கிறவர்களுக்கு அது ஒரு பின்ன அளவின் பெயர் என்று தெரியாது. ‘நுண்’ என்ற சொல்லும் மிகப் பழையது. நுட்பம் என்பதே நுண் என்ற அடியிலிருந்து வந்ததுதான். தொழில்நுட்பம் என்று சொல்லும்போதே உள்ளே ஒரு ‘சிறியது’ உட்கார்ந்திருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், ‘நுண்’ ஏற்கெனவே மைக்ரோவுக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டது. நுண்ணோக்கி, நுண்ணுயிர், நுண்செயலி எல்லாம் மைக்ரோவின் குடும்பம். அதனால் நானோவுக்கு ஒரு படி கூட்டி ‘மீநுண்’ என்றார்கள். மீ என்றால் மிகுதி, மேல். மீயொலி, மீக்கணினி என்ற சொற்களில் வருவது. மீநுண் தொழில்நுட்பம் நல்ல தமிழ், துறையின் பெயராக எழுதத் தயங்க வேண்டாம். ஆனால் ‘5 மீநுண்மீட்டர்’ என்று எழுதினால் எத்தனையில் ஒரு பங்கு என்று யாருக்கும் தெரியாது. நாளைக்கு நானோவுக்கும் கீழே இருக்கும் பிக்கோவுக்கு என்ன சொல்வது, மீமீநுண்ணா?

என் தீர்ப்பு இது: அளவு என்றால் நானோமீட்டர், நானோவிநாடி என்று அப்படியே எழுதுங்கள், உலகம் முழுவதும் ஒரே அளவுகோல். துறை என்றால் முதல் முறை ‘நானோ தொழில்நுட்பம் என்னும் மீநுண் தொழில்நுட்பம்’ என்று இரண்டையும் காட்டிவிட்டு, பிறகு ஒன்றையே கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே பக்கத்தில் மூன்று பெயரை மாற்றி மாற்றி எழுதினால் படிப்பவர் மூன்று வெவ்வேறு பொருள் என்று நினைப்பார்.

நானோவா, நேனோவா?

ஆங்கிலத்தில் நேனோ என்பது போல ஒலிப்பார்கள், மலாயில் நானோ. தமிழ் எழுத்தில் நானோ ஊன்றிவிட்டது, அப்படியே எழுதலாம். நேனோ என்று பேசுகிற பிள்ளையைத் திருத்த வேண்டியதில்லை.

அப்போ நாங்க பாயான் லெப்பாஸ்ல இத்தனை வருஷம் செஞ்சது நானோ தொழில்நுட்பமா, இல்லையா?

கூட வேலை செய்த தோழி ஒருத்தி கேட்டது. நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கியபோது வந்தவை சிப்புகளையும் மின்னணுப் பாகங்களையும் பொருத்தும் தொழிற்சாலைகள். முதலில் வந்த எட்டு நிறுவனங்களை எட்டு சாமுராய் என்று இன்றும் சொல்கிறார்கள். இன்டெல், ஏஎம்டி, ஹியூலெட் பேக்கார்ட், ஹிட்டாச்சி, போஷ் எல்லாம் அதில் அடக்கம். சிப்பின் உள்ளே இருக்கும் நுண்ணிய சுற்றுகளைச் சிலிக்கான் தட்டில் உருவாக்கும் வேலை பெரும்பாலும் வெளிநாட்டு ஆலைகளில் நடக்கும். அந்தத் தட்டு இங்கே வரும். நாங்கள் அதை அறுத்து, ஒட்டி, கம்பி இணைத்து, மேல்கூடு போட்டு, ஒவ்வொன்றாகச் சோதித்து அனுப்புவோம். எங்கள் கை பட்டது மைக்ரோமீட்டர் வேலை, எங்கள் கையில் இருந்தது நானோமீட்டர் பொருள். இன்றைக்குப் பினாங்கில் வடிவமைப்பு வேலையும் நடக்கிறது, பக்கத்தில் கெடாவில் கூலிமில் சிலிக்கான் தட்டிலேயே சுற்றுகளை உருவாக்கும் ஆலைகளும் வந்துவிட்டன.

ஆகவே ‘நான் நானோ தொழில்நுட்பத்தில் இருந்தேன்’ என்று சொல்ல வேண்டாம் தோழி. ‘நானோ அளவில் செய்த சிப்பு என் கம்பி இல்லாமல் ஒரு விளக்கைக்கூட எரிக்காது’ என்று சொல். அது முழு உண்மை.

கிலாங்குல ஏன் பூ வைக்கக் கூடாது, பவுடர் போடக் கூடாதுன்னாங்க? சாமிக்கு வச்ச பூதானே.

சாமி கோவிச்சுக்க மாட்டார், சிப்புதான் கோவிச்சுக்கும். பவுடரின் ஒவ்வொரு துகளும் பல மைக்ரோமீட்டர், அதாவது பல ஆயிரம் நானோமீட்டர். நாம் சும்மா நடந்தாலே உடம்பிலிருந்து தோல் துகள் உதிர்ந்துகொண்டிருக்கும். சிப்பின் மேல் அப்படி ஒன்று விழுவது ஒழுங்கையில் பாறை விழுவது போல.

‘கிளாஸ் 1000’ என்று வாசலில் எழுதியிருந்ததே, அதற்கும் இதுதான் பொருள். ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட துகள் ஆயிரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த முக்காடும் முகமூடியும் நம்மைக் காப்பாற்ற இல்லை, நம்மிடமிருந்து சிப்பைக் காப்பாற்ற.

புதுப் போன்ல சிப்பு 3 நானோன்னு போட்டிருக்கு. டிரான்சிஸ்டர் 3 நானோமீட்டர்தானா?

இல்லை. படித்தவர்களும் சறுக்கும் இடம் இது. ஒரு காலத்தில் அந்த எண் உண்மையான அளவாக இருந்தது. 1971இல் வந்த இன்டெல் 4004 சிப்பு 10 மைக்ரோமீட்டர் முறையில் செய்யப்பட்டது, மின்னோட்டத்தை விட்டும் தடுத்தும் வேலை செய்யும் சின்ன சுவிட்சான டிரான்சிஸ்டர் அதில் 2,300. 1990களுக்குப் பிறகு பெயரும் அளவும் பிரிந்துவிட்டன. இன்றைக்கு 3 என்று பெயர் வைத்த தலைமுறையில், ஒரு டிரான்சிஸ்டரில் ஓட்டத்தைத் திறந்து மூடும் ‘கேட்’ என்ற வாசலுக்கும் அடுத்ததன் வாசலுக்கும் நடுவே 45 நானோமீட்டரை ஒட்டிய தூரம் இருக்கிறது. சிப்புக்குள் 3 நானோமீட்டர் நீளமுள்ள பாகத்தைத் தேடி அந்தப் பெயர் வைக்கவில்லை.

நம் ஊரில் மூணாங்கட்டை, ஆறாங்கட்டை என்று இடம் சொல்கிறோம். ஒரு காலத்தில் அங்கே மைல்கல் இருந்தது. கல் போய்விட்டது, மைலே கிலோமீட்டராகிவிட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. ஆறாங்கட்டையில் வீடு வாங்குகிறவர் டேப்பை எடுத்து அளப்பதில்லை. சிப்பின் 5, 3, 2 எல்லாம் அப்படிப்பட்ட கட்டைப் பெயர்கள். எண் குறைந்தால் முந்தியதைவிட நெருக்கமாக அடுக்கிய புதிய தலைமுறை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு நிறுவனத்தின் 3ஐ இன்னொன்றின் 3ஓடு அப்படியே ஒப்பிட முடியாது.

நானோ தண்ணீர், நானோ ஸ்பிரேன்னு விக்கிறாங்களே தங்கச்சி, வாங்கலாமா?

நானோ எது என்று கேளுங்கள் என்று ஆரம்பத்திலேயே சொன்னேனே, அதைக் கடைக்காரரிடம் கேளுங்கள். தண்ணீரின் ஒரு மூலக்கூறு 0.3 நானோமீட்டருக்கும் குறைவு. குழாயில் வரும் தண்ணீரும், ஆற்றுத் தண்ணீரும், காசு கொடுத்து வாங்கும் பாட்டிலும் எல்லாம் அதே மூலக்கூறு. ‘சின்ன மூலக்கூறு, உடம்பில் சீக்கிரம் சேரும்’ என்பது வெறும் வியாபாரப் பேச்சு. என் அம்மாவின் மூட்டு வலிக்காக ஒருவர் அப்படி ஒரு பாட்டிலை 180 வெள்ளிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா தினமும் காலையில் ஒரு மூடி அளந்து, கோயில் தீர்த்தம் போலக் குடித்தார். வலி குறையவில்லை. அந்தப் பணத்தில் நல்ல டாக்டரைப் பார்த்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஸ்பிரே விஷயம்: கோவிட் காலத்தில் நீல விளக்கு எரியும் துப்பாக்கி மாதிரிக் கருவிகள் நிறைய வந்தன. கண்ணுக்குப் புகையாகத் தெரியும் துளிகள் பெரும்பாலும் மைக்ரோமீட்டர் அளவு. பெயரில் நானோ இருந்ததே தவிர, துளியில் இல்லை. அதற்காக எல்லாம் பொய் என்று ஒதுக்க வேண்டாம். வெயிலுக்குப் பூசும் கிரீமில் துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டைஆக்சைடு நானோ துகளாக இருந்தால் முகத்தில் வெள்ளைப் பூச்சாகத் தெரியாது, வேலை செய்யும். ஐரோப்பாவில் 2013 முதல் அழகுப் பொருளில் நானோ துகள் இருந்தால் பொருள் பட்டியலில் அந்தச் சொல்லைப் போட்டே ஆக வேண்டும். நம் நாட்டில் நானோமலேசியா என்ற அரசு நிறுவனத்தின் நானோவெரிஃபை சான்றிதழ் இருக்கிறது. பொருளில் உள்ளதாகச் சொல்லும் துகள் உண்மையிலேயே 1 முதல் 100 நானோமீட்டருக்குள் இருக்கிறதா என்று சோதித்துக் கொடுப்பது அது. உள்ளே நானோ இருக்கிறது என்பதற்குத்தான் சான்று, நோய் தீரும் என்பதற்கு இல்லை.

டீச்சர், நானோ ரோபோ இரத்தத்துல போய்க் கிருமியைச் சுடுமா?

படத்தில் வருவது போல இல்லை. தண்ணீரும் இரத்தமும் அந்த அளவில் தேன்பாகு மாதிரிக் கெட்டியாகத் தோன்றும், நீந்துவதே பெரும்பாடு. ஆனால் நானோ பொருள் நம் உடம்புக்குள் ஏற்கெனவே போயிருக்கிறது. 2021இல் நம்மில் பலர் போட்டுக்கொண்ட ஃபைசர் தடுப்பூசியில், மருந்தான எம்ஆர்என்ஏ இழை அப்படியே போனால் உடைந்துவிடும் என்பதால் அதைக் கொழுப்பு உறையில் பொதிந்து வைத்தார்கள். அந்த உறை 100 நானோமீட்டரை ஒட்டியது. வாழையிலையில் மடித்த நாசி லெமாக் போல, இலை சோற்றைக் காக்கும், சேர வேண்டிய இடத்தில் பிரிந்துகொள்ளும். அதற்குள் விசையோ சக்கரமோ மூளையோ எதுவும் இல்லை.

மூலக்கூறுகளையே கம்பியும் வளையமும் சக்கரமுமாக இணைத்துச் சோதனைக்கூடத்தில் அசைய வைத்தவர்கள் இருக்கிறார்கள். 2016 வேதியியல் நோபல் அதற்குத்தான். அவை எதையும் சுடாது.

இதெல்லாம் மனுஷன் செஞ்சதுதானா, இயற்கையில இல்லையா?

‘தாமரை இலைத் தண்ணீர் போல’ என்று சொல்கிறோமே, அந்த இலையில் இருக்கிறது. இலையின் மேல் மைக்ரோ அளவில் மேடுகள், அந்த மேடுகளின் மேல் நானோ அளவில் மெழுகு முடிகள். நீர்த்துளி முடி நுனிகளின் மேல் மட்டும் உட்காருவதால் இலையைத் தொடாத குறையாக உருண்டு ஓடுகிறது, போகும்போது தூசியையும் கூட்டிக்கொண்டு போகிறது. சுவரில் ஓடும் பல்லியின் காலிலும் நுண்ணிய முடிகள் இருக்கின்றன, 200 நானோமீட்டர் அகலமுள்ள அவற்றின் நுனிகள் கோடிக்கணக்கில். அதன் காலில் பசை எதுவும் கிடையாது.

மகள் நானோ படிக்கணும்ங்கிறா. எந்தக் கோர்ஸ்ல சேர்க்கிறது?

கோர்ஸின் பெயரில் நானோ இருக்கிறதா என்று தேடாதீர்கள். இயற்பியல், வேதியியல், பொருள் பொறியியல், மின்னணுப் பொறியியல், உயிரியல், எதில் ஆழமாகப் போனாலும் இந்த அளவுக்கு வந்து சேரலாம். பினாங்கிலேயே யூஎஸ்எம் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதன் பொறியியல் வளாகம் நிபோங் திபாலில். அங்கே பொருள் பொறியியல் படிக்கலாம். பாங்கியில் யூகேஎம் பல்கலைக்கழகத்திலும் பெர்லிஸ் யூனிமேப்பிலும் நானோ மின்னணுவியலுக்கென்றே ஆய்வுக் கழகங்கள் உண்டு. அவை மேற்படிப்புக் காலத்தில் உதவும். இப்போதைக்குக் கணக்கையும் வேதியியலையும் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நானோவுக்குக் கீழ பிக்கோ இருக்குன்னீங்களே. அப்போ அடுத்தது பிக்கோ தொழில்நுட்பமா?

ஐந்தாம் ஆண்டுப் பையன் கேட்டான், வகுப்பே திரும்பிப் பார்த்தது. பிக்கோ என்றால் நானோவில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பிக்கோமீட்டரில் அளக்கிறோம், ஆனால் கட்டுவதற்கு அங்கே செங்கல் இல்லை. செங்கல் என்பது அணு. சிலிக்கான் படிகத்தில் ஓர் அணுவின் மையத்திலிருந்து அடுத்த அணுவின் மையத்துக்கு 235 பிக்கோமீட்டர், அதாவது 0.235 நானோமீட்டர். அதற்குக் கீழே போக வேண்டுமானால் அணுவையே உடைக்க வேண்டும், உடைத்தால் அது சிலிக்கானாக இருக்காது.

மேலே நீட்டி வைத்தோமே ஆயிரம் கிலோமீட்டர் கோல், அதில் இந்த 0.235 நானோமீட்டர் எவ்வளவு வரும் என்று அவனையே கணக்குப் போடச் சொன்னேன். பென்சிலைக் கடித்துக்கொண்டே போட்டான். கால் மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் கம்மி என்றான். அடிக்கோலை எடுத்து, ஒரு மில்லிமீட்டர் இடைவெளிக்குள் பென்சிலால் நான்கு புள்ளி வைத்துப் பார்த்தான். மூன்றுதான் வைக்க முடிந்தது.